இரவு வராத வீடும் தெம்வாவின் நகங்களும்

நக்கோலி மார்க்கெட் கமிட்டித் தலைவர் சிம்வின்காவின் வீட்டில் ஒரு வாரமாக இரவு வரவில்லை. பக்கத்து வீடுகளுக்கெல்லாம் வழக்கமான நேரத்தில் வந்தது. அவர் வீட்டுக்கும் வேலிவரை வந்து நின்று பார்த்துவிட்டு, விடிந்ததும் திரும்பிப் போனது. சேவல் தொண்டை கட்டும்வரை கூவியது. கோழிகள் ஓய்வில்லாமல் மேய்ந்து இளைத்துப்போயின. சிம்வின்காவின் மனைவி எது ராத்திரிச் சாப்பாடு என்று தெரியாமல் நாலு வேளையும் ந்ஷிமா களி கிண்டினாள். காரணம் அவர்கள் மகள் தெம்வாவின் பத்து விரல் நகங்கள். அவற்றில் நடுப்பகல் இருந்தது. போட்டுவிட்டவள், மார்க்கெட்டின் கிழக்கு மூலையில் மேசை போட்டு நகவேலை செய்யும் இனோங்கே.

இனோங்கே யாரையும் எளிதில் நம்புகிறவள் இல்லை. நகத்துக்குப் பூசும் ஜெல் விற்கிறவர்களை அறவே நம்ப மாட்டாள். டப்பாவின் மேல் பூப்போட்டு என்ன எழுதியிருந்தாலும், அதை எழுதினவன் ஒரு நகத்தையாவது தொட்டிருக்க மாட்டான் என்பது அவள் கட்சி. அதில் தப்பும் இல்லை. புது ஜெல் எதுவானாலும் பல்குத்தும் குச்சியால் தொட்டுத் தூக்கிப் பார்ப்பாள். கஞ்சிபோல் ஓடினால் நகக்கண்ணுக்குள் புகுந்து தோலை அரிக்கும். களிபோல் நின்றால் மேடுபள்ளமாகக் காயும். தேன்போல் இறங்கி, தானாகவே சமமாக வேண்டும். அதற்கப்புறம் கண்ணாடித் துண்டில் பூசிக் காயவைத்து, உரித்து, வளைத்துப் பார்ப்பாள். கடைசியில் தன் சுண்டுவிரலில் போட்டுச் சில வாரம் சுமப்பாள். ஜெல்லைக் காயவைக்கும் புற ஊதா விளக்கில் வைத்ததும் சுருக்கென்று சுட்டாலோ, பக்கத்துத் தோல் நமைத்தாலோ டப்பா குப்பைக்குப் போகும். ஒரு கம்பெனி ஜெல்லை இன்னொரு கம்பெனி விளக்கில் காயவைக்கிறவளை அவள் மனுஷியாகவே மதித்ததில்லை. மேலே காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே பச்சையாக இருக்கும், அந்தப் பச்சைதான் ஒருநாள் விரலெல்லாம் கொப்புளமாக வந்து நிற்கும். தலைநகர் லுசாகாவின் கடைத்தெருவில் இந்தச் சாமான்கள் விற்ற முவாபே, அவள் தூரத்தில் வருவதைக் கண்டாலே மற்றவர்களை அவசரமாக அனுப்பிவைப்பான்.

“வந்துட்டா பாரு சோதனை அதிகாரி. ஏன்க்கா, நீ ஜெல் வாங்க வந்தியா, ஜெல்லைக் கல்யாணம் பண்ணிக்க வந்தியா?”

“கல்யாணத்துக்குக்கூட நான் இவ்வளவு பாக்கல. அதான் அனுபவிச்சேன். டப்பாவத் திற.”

நாட்டுக்கே கரண்ட் கொடுக்கும் கரிபா அணை வற்றிய வருஷம் கரண்ட் வருவதே அதிசயமாகிவிட்டது. வந்தாலும் ஊர் தூங்கும்போது வந்து, ஊர் எழுந்திருக்கும் முன்பு போனது. விளக்கில்லாமல் ஜெல் காயாது. பெரிய ரோட்டில் ஜெனரேட்டர் வைத்த சலூனுக்கு வாடிக்கைப் பெண்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். நக்கோலி மார்க்கெட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு மாதம் வேலை நடக்காத இடத்தைக் கமிட்டி அடுத்தவருக்குக் கொடுத்துவிடும், அழுதாலும் திருப்பித் தராது. பக்கத்து இடத்தில் தலை பின்னும் சோலா அம்மா, இனோங்கேயின் மேசையைச் சுற்றிக் காலடி வைத்து அளக்கத் தொடங்கியிருந்தாள்.

“என்ன அளக்குற?”

“சும்மாதான். காலு மரத்துப்போச்சு, நடந்து பாக்குறேன்.”

“என் கடைப் பக்கம் வந்தா மட்டும்தான் மரக்குமா உன் காலு?”

வெயிலிலும் அந்த விளக்கின் வெளிச்சம் கொஞ்சம் கலந்திருக்கிறது. ஜெல் டப்பாவை வெயிலில் திறந்து வைத்துக் கல்லாக்கிக்கொண்ட எவளுக்கும் அது தெரியும். இனோங்கே பல்லைக் கடித்துக்கொண்டு தன் சட்டத்தைத் தானே மீறினாள். ஒரு மீன்காரியின் விரல்களுக்கு மெல்லிசாகப் பூசி, காலை வெயிலில் நீட்டச் சொன்னாள். நாலு விரலை முதலில், பக்கவாட்டில் சாய்ந்து நிற்கும் கட்டைவிரலைத் தனியாக. காய்ந்ததும் மேலே ஒட்டும் பிசுக்கை ஸ்பிரிட்டால் துடைத்தாள். அடியில் காலைப்பொழுது இருந்தது. வெளிர் நீல வானம், அதில் ஒரு கொக்கு. கொக்கு கட்டைவிரலில் புறப்பட்டுச் சுண்டுவிரல்வரை பறந்து மறைந்தது. மீன்காரி கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இதுக்குத் தனிக் காசா?”

“இல்ல.”

“அப்ப சரி,” என்று எழுந்து மீன் விற்கப் போய்விட்டாள்.

ஜெல் எந்த வானத்தின் கீழ் காய்கிறதோ அந்த வானம் உள்ளே தங்கிவிடும் என்பது அந்த வாரத்திலேயே மார்க்கெட் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஏன் என்று சிலர் கேட்டார்கள். மழை இல்லாத வருஷம், வானத்துக்கு வேறு வேலை இல்லை என்பதைத் தவிர யாரும் உருப்படியாகப் பதில் சொல்லவில்லை. சலூனுக்குப் போனவர்கள் திரும்பி வந்து வரிசையில் நின்றார்கள். ஆபீஸ் பெண்கள் எட்டு மணி வானம் கேட்டார்கள். கரண்ட் இல்லாத வீட்டில் சமைப்பவர்கள் பத்து மணி வானம் கேட்டார்கள், தக்காளி நறுக்க அந்த நக வெளிச்சம் போதுமானதாக இருந்தது. சில வாரம் கழித்து அசிட்டோனில் நனைத்த பஞ்சை நகத்தில் வைத்து, அலுமினியத் தாளைச் சுற்றினால் ஜெல் இளகி வானமும் வழிந்துவிடும். ஒருமுறை அப்படி வழிந்த சாயங்காலம் ஒன்று சோலா அம்மாவின் காலடியில் போய்த் தேங்கியது. அவள் பாதி பின்னிய தலையை அப்படியே விட்டுவிட்டு, நேரமாச்சு என்று வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். அந்தத் தலைக்குச் சொந்தக்காரி அன்று முழுக்க அவளைத் தேடினாள்.

தெம்வா வந்தது அக்டோபர் மாதத்தில், உச்சி வேளையில். கல்யாணம் நிச்சயமான பெண். நகம் கடிக்கிற பழக்கம் உண்டு, பத்து நகமும் மொட்டையாக, தாள்போல் மெலிந்து கிடந்தன. அசிட்டோனில் இளகும் ஜெல்லைப் போட்டால் மூன்றே நாளில் மென்று துப்பிவிடுவாள் என்று இனோங்கே கணக்குப் போட்டாள். ஆகவே ஹார்ட் ஜெல்லை எடுத்தாள். பல் இறங்காது, உடையாது, எதிலும் இளகாது. பழையதை எடுக்க வேண்டுமென்றால் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். நகத்துக்கு அது சரியான ஜெல். தலைக்கு மேல் எந்த வானம் நிற்கிறது என்று அண்ணாந்து பார்க்க மட்டும் மறந்துவிட்டாள். வரிசை அவ்வளவு நீளம்.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு சிம்வின்கா மேசைக்கு முன்னால் வந்து நின்றார். கண்ணுக்குக் கீழே தோல் தொங்கியது, முகம் வயல்வேலை செய்தவர்போல் கருத்திருந்தது.

“இனோங்கே, நான் கட்டிலுக்கு அடியில படுக்குறேன். அங்கயும் மத்தியானம்.”

“கையுறை போட்டுப் பாத்தீங்களா தலைவரே?”

“ரெண்டு போட்டாச்சு. அதையும் தாண்டி அடிக்குது. சனிக்கிழமை கிச்சன் பார்ட்டி வச்சிருக்கேன், கல்யாணப் பொண்ணுக்குச் சீர் கொண்டாந்து பொம்பளைங்க எல்லாம் கூடுவாங்க. பொண்ணு சிட்டெங்கே துணியப் போத்திக்கிட்டு, தலகுனிஞ்சு, மூஞ்சி தெரியாம பாயில உட்காரணும். இவ உட்கார்ந்தா துணிக்குள்ள லாரி லைட்டப் போட்ட மாதிரி இருக்கும். மாப்பிள்ள வீட்டு அத்தைங்க பாத்தா சூனியம்னு எழுந்து போயிடுவாங்க. சனிக்கிழமைக்குள்ள எடு. இல்லன்னா இந்த இடம் சோலா அம்மாவுக்கு.”

பக்கத்தில் சோலா அம்மா சீப்பை வாயில் கடித்துக்கொண்டு, ஒன்றும் கேட்காதவள்போல் ஒரு தலையைப் பின்னினாள். அது யார் தலை என்றுகூட அவளுக்குத் தெரிந்திருக்காது.

இனோங்கே அன்றே அவர் வீட்டுக்குப் போய் ஒரு விரலைத் தேய்க்கத் தொடங்கினாள். தேய்த்த தூளெல்லாம் வெயிலாகப் பறந்தது. பட்ட இடமெல்லாம் பகலானது. கொஞ்சம் சிம்வின்காவின் மீசையில் ஒட்டியது, அவர் பேசும்போதெல்லாம் எதிரில் இருப்பவருக்குக் கண் கூசியது, சிரைத்துக்கொள்ளும்படி ஆயிற்று. பத்து விரலையும் தேய்த்தால் தெரு முழுக்கத் தூக்கம் கெடும் என்று நிறுத்திவிட்டாள். மறுநாள் மேலே கறுப்பு ஜெல் பூசி மூடப் பார்த்தாள். பிரஷ் பட்ட நொடியில் ஜெல் கல்லானது. பிரஷும் நகத்தோடு ஒட்டி, நட்டு வைத்த குச்சிபோல் நின்றது, அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. நடுப்பகலைவிடப் பெரிய விளக்கு எங்கே இருக்கிறது? நல்ல ஜெல் எதைக் கொண்டுவந்தாலும் அடியிலிருந்து அந்த வெளிச்சமே காயவைத்துவிடும், வேறு வானம் உள்ளே புக விடாது. தன்னிடமிருந்த நல்ல டப்பாக்கள் அத்தனையும் இதற்கு உதவாது என்பது அவளுக்குப் புரிந்தது. வேறு வானம் ஒன்று வரும்வரை காயாமல் காத்திருக்கிற ஜெல்தான் வேண்டும். வெள்ளிக்கிழமை காலை மினிபஸ் பிடித்து முவாபேயிடம் போனாள்.

“காயவே காயாத ஜெல் ஒண்ணு குடு.”

முவாபே நெஞ்சில் கை வைத்தான். “என் கடையிலயா? காயாத ஜெல்லா? யாருக்கா உனக்கு இப்படிச் சொன்னது?”

“நடிக்காத. பச்சை மூடி போட்டது. போன வருஷம் எங்கிட்டயே தள்ளப் பாத்தியே.”

“அது வந்து... மெதுவாக் காயற ஜெல்.”

“எவ்வளவு மெதுவா?”

“நான் இன்னும் பாக்கல.”

அவன் உள்ளே போய் ஒரு தூசி படிந்த டப்பாவை எடுத்து வந்தான். அவள் திறந்துகூடப் பார்க்காமல் பைக்குள் போட்டாள். அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“என்னக்கா, குச்சி விட்டுப் பாக்கலையா?”

“எதுக்கு? இது மோசமான சரக்குன்னு எனக்கு நல்லாத் தெரியும். உன் கடையில நான் நம்பற சாமான் இது ஒண்ணுதான்.”

சனிக்கிழமை விடிந்ததும், விடிந்தது என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாவிட்டாலும், இனோங்கே தெம்வாவை முற்றத்தில் உட்காரவைத்துப் பத்து விரலிலும் அந்த ஜெல்லைப் பூசினாள். தோலில் படாமல் நகக்கண்ணிலிருந்து ஒரு மயிரிழை தள்ளி. அடியில் நடுப்பகல் கொதித்தது, ஜெல் அசையவில்லை. மேலே வெயில் ஏறியது, அதற்கும் அசையவில்லை. தொட்டால் ஒட்டியது. தெம்வா கையை நீட்டியபடியே இருந்தாள். அவள் அம்மா மாவுருண்டைகளைப் பொரித்துக் கொண்டுவந்து ஊட்டிவிட்டாள். விரல் வாய்க்குப் போகாமல் அந்தப் பெண் முழுசாக ஒரு காலைப் பொழுதைக் கழித்தது அதுதான் முதல் தடவை. உச்சி தாண்டியதும் மத்தளங்களோடு பெண்கள் வந்து சேர்ந்தார்கள். மாப்பிள்ளை வீட்டு அத்தைகள் மூவரும் வேலியருகே நின்று, பளிச்சென்று எரியும் முற்றத்தைப் பார்த்துத் தங்களுக்குள் காதைக் கடித்தார்கள். சோலா அம்மாவும் வந்திருந்தாள், இலவசச் சாப்பாட்டுக்கென்று சொன்னாள்.

மேற்கே மேகம் கறுத்தது அப்போதுதான். அந்த வருஷத்து முதல் மேகம். பானைகளையும் பாய்களையும் தூக்கிக்கொண்டு எல்லாரும் உள்ளே ஓடினார்கள். சிம்வின்கா குடையோடு வாசலில் நின்று கத்தினார்.

“உள்ள வாங்க ரெண்டு பேரும்! இடி விழப் போகுது!”

“விழட்டும். கை ஆடினா மேடாயிடும். யாரும் கிட்ட வராதீங்க,” என்றாள் இனோங்கே. தெம்வாவின் மணிக்கட்டுகளைத் தன் முழங்கால்மேல் அழுத்திப் பிடித்திருந்தாள்.

மேகம் தலைக்கு நேராக வந்து நின்றதும், எந்த வெளிச்சத்துக்கும் காயாத அந்த ஜெல் இருட்டில் இறுகத் தொடங்கியது. விளக்கும் வெயிலும் காயவைக்காததை மேகம் எப்படிக் காயவைத்தது என்று இனோங்கேவுக்கும் தெரியாது, விற்றவனுக்கு நிச்சயமாகத் தெரியாது. முழுக்க இறுகுமுன் முதல் தூறல் விழுந்தது. ஒவ்வொரு துளியும் நகத்தில் பள்ளம் போடாமல் உள்ளே இறங்கியது. பத்தாவது விரலும் இறுகியபோது, தணலில் தண்ணீர் ஊற்றியதுபோல் சீறிக்கொண்டு நடுப்பகல் அணைந்தது. வேலிவரை வந்து திரும்பிக்கொண்டிருந்த இரவு உள்ளே வந்தது. வராமல் போன அத்தனை இரவும் ஒன்றாக வந்ததால் மத்தியானம் மூன்று மணிக்கே கும்மிருட்டாகிவிட்டது. கோழிகள் விழுந்தடித்துக் கூண்டில் ஏறின. சிம்வின்கா விரித்த குடையோடு கதவில் சாய்ந்து நின்றபடியே தூங்கிப்போனார். அவரைச் சுற்றிப் போய்த்தான் பாய் விரித்தார்கள். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மத்தளம் கொட்டினார்கள். சிட்டெங்கேக்கு அடியில் தெம்வா முறைப்படி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். பாய் நனைந்து ஈரம் பரவுவதை மூத்த அத்தை பார்த்தாள், துணியைக் கொஞ்சம் தூக்கினாள். பத்து நகத்திலும் மழை பெய்துகொண்டிருந்தது. ஊரே மழைக்கு ஏங்கிய வருஷத்தில் மழையோடு வரும் மருமகளை யார் வேண்டாமென்பார்கள்? அத்தை போட்ட குலவை மார்க்கெட்வரை கேட்டது.

திங்கட்கிழமை கமிட்டி கூடியது. நன்றாகத் தூங்கி எழுந்திருந்த சிம்வின்கா, இடம் இனோங்கேவுக்கே என்று ஒரே வரியில் முடித்தார். குப்பை, மீன்தண்ணி பற்றிய விதிகளுக்குக் கீழே பலகையில் புதிதாக ஒன்று சேர்த்தார்கள்: உச்சி வேளையில் ஹார்ட் ஜெல் போடக்கூடாது. அடுத்ததாகக் கழிப்பறைக் கதவுபற்றிய சண்டை தொடங்கிவிட்டது. தெம்வா கல்யாணமாகிப் போன இடத்தில் பூசணித் தோட்டம் இருக்கிறது. காலையில் பாத்திகளின் மேல் கையை நீட்டியபடி ஒரு நடை நடந்தால் அன்றைய பாசனம் முடிந்தது. துணி காயப்போடுவது மட்டும் அவள் புருஷன் வேலை.

சோலா அம்மா சில நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு மத்தியானம், வரிசை இல்லாத நேரம் பார்த்து, மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினாள்.

“எனக்குக் கொக்கு, மழை எல்லாம் வேண்டாம். யாரோடயும் சண்ட போடாத ஒரு காலைப்பொழுது இருந்தாப் போதும்.”

இனோங்கே அந்த விரல்களைத் திருப்பிப் பார்த்தாள். சீப்புப் பிடித்துக் காய்த்துப்போன விரல்கள், நகங்களில் கீறல். எந்த ஜெல் தாங்கும் என்று நகத்தை நிமிண்டிப் பார்த்தாள். அப்புறம் அண்ணாந்து, வானத்தை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைவரை நிதானமாகப் பார்த்தாள்.

“இன்னிக்கு இருக்கற வானம் அதுக்குச் சரிப்படாது. நாளைக்குக் காலைல வா.”