சேவலுக்கு நல்ல வீடு

நெவிலுக்குச் சர்க்கரை ஆலையில் வேலை போனதிலிருந்து அந்த வீட்டில் நல்ல கறி சாப்பிட்டது டோரீன் மட்டும்தான். டோரீன் பதிமூன்றடி மலைப்பாம்பு.

“நாம மலிவு சாசேஜ் தின்னுட்டிருக்கோம், மகாராணிக்கு மட்டும் முழு முயலா?” அவன் மனைவி ரேலீன் ஃப்ரீசரை அறைந்து மூடினாள். “கிறிஸ்மஸ் வரைக்கும்தான் பாப்பேன். பாம்புப் பண்ணைக்காரர்கிட்ட பேசிட்டேன். வந்து தூக்கிட்டுப் போயிடுவாரு.”

ஷூ லேஸ் தடிமனில் இருந்தபோது நெவில் வாங்கி வந்து பிள்ளையைப் போல வளர்த்த பாம்பு அது. முயலை வீட்டிலேயே வளர்த்துப் போடலாமென்றால் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் அது குற்றம். இத்தனை பெரிய பாம்புக்கு உரிமம் கொடுக்கிற அரசாங்கம் பயிரை அழித்துவிடுமென்று முயலைக் கண்டால் மட்டும் நடுங்கும். என்ன கணக்கோ!

அப்போதுதான் அவனுக்குச் சேவல் யோசனை வந்தது. அவர்கள் ஊரான இன்னிஸ்ஃபெயிலில் கொல்லைக்குக் கொல்லை கோழி. குஞ்சுகளில் ஒன்று சேவலாகி விடியுமுன் கூவத் தொடங்கினால் பக்கத்து வீட்டார் புகார் கொடுப்பார்கள். உடனே, ‘நல்ல வீடு தேவை, இலவசம்’ என்று ஃபேஸ்புக்கில் போட்டுவிடுவார்கள். நெவில் வீடு ஊருக்கு வெளியே, கரும்புக்கு நடுவே. கூவினால் கேட்க ஆளில்லை. வாங்க வேண்டும், அறுக்க வேண்டும், ஃப்ரீசரில் போட வேண்டும். அவ்வளவுதான்.

முதல் சேவலைத் துணிக்கூடையில் வைத்துக் கொண்டுவந்தவர் பர்டி டீச்சர். மூன்றாம் வகுப்பில் அவன் காதைத் திருகிய அதே டீச்சர்.

“இவன் பேரு பெர்சி. தர்பூசணின்னா உயிரு,” என்று மூக்கை உறிஞ்சினார். “இவனை இங்கேயே வச்சுக்குவியா? வேற யார்கிட்டயும் தள்ளிவிட மாட்டியே?”

“மாட்டேன் டீச்சர்.”

“முழு வாக்கியமாச் சொல்லு.”

“பெர்சியை நான் எங்கேயும் அனுப்ப மாட்டேன் டீச்சர்.”

“ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வந்து பாப்பேன்.”

வந்து பார்க்கப்போகிற சேவலை எப்படி அறுப்பது? டீச்சரே நம்பிக் கொடுத்த இடம் என்று ஊரெல்லாம் பேச்சானது. ஆளாளுக்குச் சேவலோடு வந்தார்கள். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், எல்லோரும் வந்து பார்ப்பதாகச் சொன்னார்கள். நெவிலுக்கு ஒன்றின் கழுத்திலும் கை வைக்க மனம் வரவில்லை. கிறிஸ்மஸ் நெருங்கும்போது கொல்லை முழுக்கச் சேவல், வாசலில் தானிய மூட்டை, கூண்டில் பட்டினிப் பாம்பு.

“பாம்புக்குத் தீனி தேடப் போனவன், தீனிக்குத் தீனி வாங்கிட்டு நிக்கிறான்,” என்று ரேலீன் போனில் தங்கையிடம் சொல்லிச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் பண்ணைக்காரருக்குப் போன் போட்டாள்.

அவர் சாக்கோடு வந்தது ஞாயிற்றுக்கிழமை. கூண்டு காலி. பசி பொறுக்காமல் டோரீன் மூடியை நெம்பிவிட்டிருந்தாள். தேடிப் போனபோது மாமரத்தடியில் ஏகாந்தமாகப் படுத்திருந்தாள், நட்டநடுவில் பெரிய புடைப்போடு. பக்கத்தில் பச்சை வால் இறகு ஒன்று கிடந்தது.

“பெர்சி எங்க?”

பின்னால் தர்பூசணியோடு டீச்சர். நெவிலுக்கு அவரிடம் பொய் வராது, மூன்றாம் வகுப்பிலும் வந்ததில்லை.

“உள்ள இருக்கான் டீச்சர்.” புடைப்பைக் காட்டினான்.

டீச்சர் கவிழ்த்துப்போட்ட வாளிமேல் உட்கார்ந்துவிட்டார். பண்ணைக்காரர் தர்மசங்கடமாகச் சாக்கை விரித்துக்கொண்டு குனிந்தார்.

“அவனை எங்கே கொண்டு போறீங்க?”

வகுப்பறைக் குரல். பண்ணைக்காரர் நிமிர்ந்துவிட்டார். “பாம்பைங்களா? பண்ணைக்கு.”

“பெர்சி எங்கேயும் போக மாட்டான். நெவில் எனக்கு வாக்குக் குடுத்திருக்கான்.”

“டீச்சர், ஒரு வாரத்துல முழுசா செரிச்சிடும்,” என்றான் நெவில் மெல்ல.

“செரிச்சப்புறம் அவன் எங்க இருப்பான்?”

நெவில் யோசித்தான். “டோரீன்லதான் டீச்சர்.”

“அப்புறமென்ன?”

பண்ணைக்காரர் ரேலீனைப் பார்த்தார்.

“என்னைப் பாக்காதீங்க,” என்றாள் ரேலீன். “நானும் அவங்க கிளாஸ்தான்.”

அவர் சாக்கை மடித்துக்கொண்டு கிளம்பினார். டீச்சர் எழுந்து போய்ப் புடைப்பை ஒரு விரலால் தடவிக் கொடுத்தார்.

“இவனுக்கு அடுத்த சாப்பாடு எப்போ?”

“மூணு வாரம் போகணும் டீச்சர். முயல்.”

“நான் வாங்கிட்டு வரேன்,” என்றார் டீச்சர். “என் பிள்ளையைப் பட்டினி போட்டுடாதே.”