இருக்கையின் உயரம்

சுகுமாறன் தயாரித்த அட்டவணையில் பதினேழு பத்திகளும் இருபத்திரண்டு வரிசைகளும் இருந்தன. வரிசைக்கு ஒரு மோட்டார் சைக்கிள். பத்திக்கு ஒரு கேள்வி. விலை, எடை, எண்ணெய்க் கலனின் கொள்ளளவு, முன்சக்கரத்தின் விட்டம், தரைக்கும் இயந்திரத்தின் அடிப்பகுதிக்கும் உள்ள இடைவெளி, உதிரிப் பாகங்கள் ஜொகூரிலேயே கிடைக்குமா என்பது எனக் கேள்விகள் நீண்டன. எட்டு மாதங்களாக அட்டவணை வளர்ந்தது. மோட்டார் சைக்கிள் மட்டும் வீட்டுக்கு வரவில்லை.

ஸ்கூடாயில் ஒரு தொழிற்சாலையில், அளவைக் கருவிகளைச் சரிபார்க்கும் அறைக்கு அவன் பொறுப்பாளன். ஆண்டு முழுவதும் இருபது பாகை வெப்பத்தில் வைக்கப்பட்ட அறை அது. அங்கே ஒரு பொருளை அளக்கும்போது அதன்மேல் வேறெதுவும் இருக்கக்கூடாது, விரல்கூடப் படக்கூடாது. அளவில் தேறாத எதையும் எதிலும் பொருத்துவதில்லை. பதினான்கு ஆண்டுகள் அவ்வறையில் இருந்த ஒருவன் அதன் விதிகளை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வீடு திரும்புவான் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று.

அவன் மனைவி லோஷினி அப்படி எதிர்பார்க்கவில்லை. அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். மூன்றாண்டுகளுக்கு முன், இருநூற்றைம்பது சிசி வரை ஓட்டுவதற்கான உரிமத்தை அவள் எடுத்திருந்தாள். ஸ்கூடாயில் புறப்பட்டு, காஹாங்கைத் தாண்டி, செம்பனைத் தோட்டங்களின் மண்பாதைகளில் புகுந்து, கிழக்குக் கரையை அடைந்து, கடலை ஒட்டியே கிளந்தான் வரைக்கும் போகவேண்டும். முன்னிருக்கையில் அமர்ந்து போகவேண்டும். கணவனின் முதுகைப் பார்த்துக்கொண்டு போவதாக இருந்தால் உரிமம் எதற்கு என்பது அவள் கேள்வி. வசதி ஒரு வண்டிக்குத்தான். ஆகவே மாறி மாறி ஓட்டுவது என்று இருவரும் பேசி முடித்திருந்தார்கள்.

பதினொன்றாம் பத்தி அதற்கு உடன்படவில்லை. அது இருக்கையின் உயரம். லோஷினியின் கால் அளவு, காலணியின் அடித்தடிப்பையும் சேர்த்து, எழுநூற்று ஐம்பத்தைந்து மில்லிமீட்டர். கரட்டுப் பாதைக்கு ஏற்ற வண்டிகள் எல்லாமே எண்ணூறைத் தாண்டி நின்றன. எண்ணூறுக்குக் கீழே இருந்தவை கல்லைக் கண்டதும் வயிற்றில் அடிபடும் இனம். எனவே சுகுமாறன் முன்னால், லோஷினி பின்னால் என்று அட்டவணை தீர்ப்பளித்திருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை இருவருக்கும் பதினாறு நாள் விடுப்புத் தொடங்கவிருந்தது.

அந்நிலையில்தான் சாஆ என்ற சிற்றூரிலிருந்து ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. ஆறு வயதான இருநூற்றைம்பது சிசி வண்டி, பதினோராயிரம் வெள்ளி, ஒருவர் கையில் மட்டுமே இருந்தது. இருக்கையின் உயரத்தை விற்பவர் குறிப்பிடவில்லை. பதினொன்றாம் பத்தி வெறுமையாகக் கிடந்த ஒரே வரிசை அதுதான். அந்த வெறுமையை நம்பி, சனிக்கிழமை காலையில் இருவரும் காரில் சாஆவுக்குப் போனார்கள்.

விற்பவர் பெயர் வீரமுத்து. தோட்டத்தில் உரமிடும் வேலைக்கு மேற்பார்வையாளர். முழங்கால் இரண்டும் ஒத்துழைக்காததால் வண்டியை விற்கிறாராம். வாசலில் நின்ற அதன் இருக்கையில் ஒரு சேவல் உட்கார்ந்திருந்தது. வீரமுத்து அதை விரட்டவில்லை. வண்டிக்கு இப்போதைய உரிமையாளர் அதுதான் என்று அறிமுகம் செய்துவைத்தார்.

சுகுமாறன் பையிலிருந்து எஃகு நாடாவை எடுத்தான். பிறகு ரசமட்டத்தை எடுத்தான். வாசல் தரை ஒரு பக்கம் சாய்ந்திருப்பதைக் கண்டு, வண்டியை நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லி, இரண்டு முறை இடம் மாற்றினான். சேவல் இறங்காமலே உடன் சென்றது.

“தம்பி, பைக் வாங்க வந்தீங்களா, வீடு கட்ட வந்தீங்களா?” என்றார் வீரமுத்து.

சேவலைத் தூக்கிக் கீழே விட்டபின் அளந்தான். எண்ணூற்று நாற்பத்தைந்து. இன்னொரு முறை அளந்தான். வண்டி மனம் மாறவில்லை. எண்ணைக் குறித்துக்கொண்டு, குறிப்பேட்டை மூடி, நேரம் ஒதுக்கியதற்கு வீரமுத்துவிடம் நன்றி சொன்னான்.

லோஷினி நகரவில்லை.

“எட்டு மாசமா எத்தன பைக்ல நான் ஏறி உக்காந்திருக்கேன், சொல்லுங்க?”

“அளவே சரியா வரலியே. உக்காந்து என்ன பண்றது?”

“ஒண்ணுலகூட உக்காரல. அதத்தான் சொல்றேன்.”

கால்மிதியில் ஏறி, மறுகாலை வீசிப் போட்டு உட்கார்ந்தாள். வண்டி மெல்ல மூச்சு விட்டது போலக் கீழே இறங்கியது. அவளுடைய இரண்டு காலணிகளின் நுனிகளும் தரையைத் தொட்டன.

சுகுமாறன் அவள் கால்களைப் பார்த்தான். மூடிய குறிப்பேட்டைப் பார்த்தான். தரையில் மண்டியிட்டு நாடாவை நீட்டி, மூச்சு விடாமல் இருக்கும்படி அவளிடம் கேட்டுக்கொண்டான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டதால் முதல் இரண்டு அளவுகள் பயனற்றுப் போயின. மூன்றாம் முறை எண்ணூற்று எட்டு வந்தது.

“ஸ்பிரிங் இருக்குல்ல தம்பி. ஆள் ஏறுனா எறங்கத்தானே செய்யும்” என்றார் வீரமுத்து. “ஏறவே விடாம எட்டு மாசமா அளந்தீங்களா? அலமாக்.”

ஆளில்லாத வண்டியின் உயரத்தை எட்டு மாதங்கள் திரட்டியிருக்கிறோம் என்பது சுகுமாறனுக்கு விளங்கியது. ஆயினும் எண்ணூற்று எட்டும் எழுநூற்று ஐம்பத்தைந்தும் ஒன்றல்ல. நுனிவிரலில் நிற்பது வாசலுக்குச் சரி, மண்பாதையில் நிறுத்தினால் விழுந்துவிடுவாய் என்று பொறுமையாக எடுத்துரைத்தான். அவன் பேசி முடிப்பதற்குள் லோஷினி வீரமுத்துவிடம் சாவியை வாங்கியிருந்தாள்.

இரண்டு முறை இயந்திரம் அணைந்தது. மூன்றாம் முறை வண்டி துள்ளிக்கொண்டு தோட்டத்துப் பாதையில் இறங்கியது.

முந்திய நாள் மழையில் செம்மண் குழைந்திருந்தது. செம்பனை வரிசைகள் முதலில் தனித்தனி மரங்களாக நின்றன. பிறகு இரண்டு பச்சைச் சுவர்களாகி ஓடின. கால்மிதிகளின்மேல் எழுந்து நின்று ஓட்டலாம் என்று படித்திருந்தாள், நின்றாள். பள்ளங்களின் குலுக்கல் முழங்காலோடு முடிந்துபோனது. அடுத்த குட்டையைச் சுற்றிப் போக இடமிருந்தும் நடுவில் விட்டாள். நீர் இருபுறமும் எழுந்து தலைக்கவசத்துக்குள்ளும் வந்தது. எதிரே சமையல்வாயுக் கலனைக் கட்டிக்கொண்டு கப்சாய் எனப்படும் ஒரு பழைய சிறு மோட்டார் சைக்கிளில் வந்த பெண், லோஷினி கத்தியதைக் கேட்டு ஏதோ ஆபத்து என்று ஒதுங்கி நின்றாள். ஆபத்து ஏதுமில்லை. லோஷினி சிரித்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும் வழியில் பழக்குலைகளை ஏற்றிய டிராக்டர் குறுக்கிட்டது. நிறுத்தினாள். வலக்கால் நுனி தேடிய இடத்தில் தரை இல்லை. வண்டியும் அவளும் சேற்றில் பக்குவமாகச் சாய்ந்தார்கள். டிராக்டர்க்காரர் இறங்கி வந்து, இருவரையும் நிமிர்த்திவிட்டுப் போனார்.

முப்பத்தைந்து நிமிடங்களுக்குப் பின் வாசலுக்குத் திரும்பியபோது, அவளுடைய வலப்பக்கம் முழுவதும் ஒரே நிறமாக இருந்தது.

“விழுந்துட்டேன்” என்றாள் அவளாகவே. “ஓட்டறப்ப இல்ல. நின்னப்ப.”

அது அவன் சொன்னதுதான். சொன்னது சரியாகிவிட்ட மகிழ்ச்சி தன்னிடம் சிறிதும் இல்லாதது அவனுக்கே வியப்பாக இருந்தது. சேற்றின் நடுவே அவள் முகத்தைப் பார்த்தான். எட்டு மாதங்களில் எந்தப் பத்தியிலும் அந்த முகம் பதிவாகவில்லை. ஆனாலும் நின்றால் விழுகிற வண்டியில் அவள் கிளந்தான் வரை போவதற்கு அவனால் எப்படித் தலையசைக்க முடியும்?

“இன்னொரு ரவுண்ட் போறேன்” என்றாள். “நீங்களும் ஏறுங்க. எப்படி விழுறேன்னு பக்கத்துலேர்ந்தே பாக்கலாம்.”

மறுப்பதற்கான காரணங்கள் நான்கு அவனிடம் இருந்தன. அவற்றைச் சொல்லாமல், காற்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, அவள் தோளைப் பிடித்துப் பின்னால் ஏறி உட்கார்ந்தான்.

வண்டி மறுபடியும் மூச்சு விட்டது, இம்முறை நீளமாக.

லோஷினி குனிந்து பார்த்தாள். இரண்டு குதிகால்களும் தரையில் பதிந்திருந்தன. நம்பாமல் ஒரு காலைத் தூக்கி மறுபடி வைத்தாள். பதிந்தது.

பிறகு சுகுமாறன், தன் நாடாவைப் பிறர் தொட அனுமதியாதவன், அதை வீரமுத்துவிடம் நீட்டினான். முழங்காலைக் காரணம் காட்டிப் புலம்பிக்கொண்டே அவர் தரையில் அமர்ந்தார். எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பதைப் பின்னிருக்கையிலிருந்து அவன் விளக்கினான். அவர் எண்களை உரக்கப் படித்தார். எழுநூற்று ஐம்பத்திரண்டு.

மூன்று மில்லிமீட்டர் மிச்சம்.

இருபத்திரண்டு வண்டிகளின் எடையையும் பயணச் சுமையின் எடையையும் கிராம் பிசகாமல் குறித்திருந்தவன், தன் எண்பத்திரண்டு கிலோவை எங்குமே எழுதியிருக்கவில்லை. அது இருக்க வேண்டிய இடமும் இப்போது ஐயமறத் தெரிந்துவிட்டது: முன்னால் அன்று.

“அப்பொ நீங்க பின்னாடி இருந்தாத்தான் தங்கச்சிக்குக் காலு எட்டும்” என்றார் வீரமுத்து தரையிலிருந்தபடியே. “விலைல அதயும் சேத்துக்க மாட்டேன் லா.”

குறிப்பேடு காருக்குள் இருந்தது. அதை எடுத்துவந்து இந்த எண்ணை எழுதிவிடலாம் என்று சுகுமாறன் ஒரு காலைத் தரையில் ஊன்றினான். வண்டி உடனே சற்று எழுந்தது.

“எறங்காதீங்க” என்றாள் லோஷினி, சாவியைத் திருப்பிக்கொண்டே. “அளவு மாறிடும்.”

அவன் காலை எடுத்து மிதியில் வைத்தான். இயந்திரம் முதல் முறையிலேயே இயங்கியது. சேவல் வழிவிட்டது. கையில் எஃகு நாடாவுடன் எழ முடியாமல் உட்கார்ந்திருந்த வீரமுத்து, அந்த இருவரும் செம்மண் பாதையின் முதல் குட்டையைச் சுற்றிப் போகாததைப் பார்த்தார்.