புளிய வைரத்துக்குள் ஆணி

கொடைரோட்டிலிருந்து பஸ்ஸில் நின்றே வந்ததில் ஜக்கம்மாளுக்கு முழங்கால் இரண்டும் விண்விண்ணென்று தெறித்தன. ராயப்பராஜ் ஸ்டூலை இழுத்துப் போட்டும் அவளால் உட்கார முடியவில்லை. அவன் மரக்கடைசல் பட்டறை லேத்தில், அவள் வயல் வரப்பில் காற்றுக்குச் சாய்ந்த புளிய மரத்தின் துண்டு சுற்றிக்கொண்டிருந்தது.

மருமகன் முகேஷ்குமார் ஷோகேஸில் வைக்க ஜாடி கேட்டிருந்தான். ராயப்பராஜ் அவனுடைய கூட்டாளி. வெளியே மட்டும் உருட்டிக் கொடுப்பார்கள் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். இவனோ குறுகலான வாய்க்குள் கொக்கி உளியை விட்டு உள்ளே குடைந்துகொண்டிருந்தான்.

உள்ளே ஆணி இருந்தது. மகள் சுகன்யாவுக்குப் பதினாறு வயதில் பேய் பிடித்தபோது, அவள் முடிக்கற்றையை வைத்துப் பேயோட்டிய கோடாங்கி மரத்தில் அறைந்த ஆணி. மரம் வளர்ந்து அதை விழுங்கிவிட்டது. கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளை வீட்டாரிடம் ஜக்கம்மாள் மூச்சு விடவில்லை.

"ஆணிகீணி இருக்கா அத்தே?" என்று ராயப்பராஜ் லேத்தில் மாட்டுமுன்பே கேட்டிருந்தான்.

"ஒண்ணுமில்ல அப்பு" என்றிருந்தாள்.

இப்போது கேட்டாள்: "உள்ள கண்ணுக்குத் தெரியுமா?"

"எங்க தெரியுது? எல்லாம் கைத்தடவல்தான். கரண்டு போன வீட்டுல தீப்பெட்டி தேடுற மாதிரி." சிரித்துக்கொண்டே முகத்தை ஜாடி வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனான்.

செந்தூளாக வந்துகொண்டிருந்தது கருநீலமாக மாறியது. வாழைப்பூ நறுக்கிய அரிவாள்மனையில் அவள் பார்க்கிற அதே இரும்புக் கறை.

"ஏலே, நிறுத்து! ஆணி இருக்கு!"

சுவிட்சைத் தட்டினான். மரம் ஓய்ந்ததும் கம்பியை உள்ளே விட்டுத் தட்டினான். டிக்கென்றது.

"இம்புட்டு நேரம் தெரிஞ்சேவா நின்னீக? உளி மாட்டியிருந்தா எம் மூஞ்சி போயிருக்கும் அத்தே!"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் வெளிப்பக்கம் துளை போட்டு, குறட்டால் நெம்பினான். துருவேறிய ஆணியோடு நாலைந்து முடியும் வந்தது.

"முகேசுக்குத் தெரியாதாக்கும்?"

"தெரியாது."

"நான் வாயத் தொறக்க மாட்டேன். ஆனா ஆப்பு வச்சு அடைச்சாலும் ஓட்டை தெரியும். கேப்பான்."

"கேட்டா எங்கிட்ட அனுப்பு. நாஞ் சொல்லிக்கிறேன்."

"ஆணி வெளிய வந்துருச்சே, பேய் திரும்ப வராதுல்ல?" பாதி கிண்டல்தான், ஆனால் ஆணியைக் கீழே வைக்க அவனுக்கு இடம் தெரியவில்லை.

"பேய் கெடக்குது" என்று அதை வாங்கி முந்தானையில் முடிந்தாள். மகள் கழுத்தில் தாலி ஏறினால் கருப்பசாமிக்குக் கெடா வெட்டுவதாக நேர்ந்திருந்தாள். எதற்கு என்று மருமகன் கேட்பானே என்று பதினோரு வருடமாகத் தள்ளிப்போட்டாள். அந்தக் கெடா இன்னும் கடன்; ஆணியைச் சொல்லும்போது அதையும் சொல்லிவிட வேண்டியதுதான்.