சீதையின் தனி அடுப்பு

காரைக்குடியில் அந்த வீட்டுத் தூண்களை எண்ண உட்கார்ந்தவர் தலை நரைத்துத்தான் எழுந்தாராம். பத்து வயதுச் சீதை அந்தத் தூண்களை ஒரு நாளைக்கு நாற்பது தடவை சுற்றி ஓடுவாள். உட்கார்ந்து ஒரு வேலையை முடித்தாள் என்ற பேச்சே கிடையாது.

அண்ணன் அழகுசுந்தரத்துக்குக் கல்யாணமானதும், குடும்ப வழக்கப்படி அவனையும் அவன் மனைவி மெய்யம்மையையும் வேறு வைத்தார்கள். சண்டையொன்றுமில்லை. அதே வீடு, அதே வாசல். அடுப்பு மட்டும் தனி. அரிசி, பருப்பு, விறகு எல்லாம் அளந்து கொடுத்தாயிற்று. இனி அவர்கள் பாடு.

இதைப் பார்த்ததிலிருந்து சீதைக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"ஆத்தா, என்னையும் வேறு வச்சிருங்க!"

தாயார் பெத்தாச்சி சிரிக்கவில்லை. அதுதான் ஆபத்து.

"சரிடீ. மூணு நாளைக்கு அளந்து தாரேன். நீயே ஆக்கித் தின்னணும். அடுத்த அடுப்புல ஒரு பருக்கைகூடச் சும்மா வாங்கக் கூடாது."

"செஞ்சுட்டா சைக்கிள் பழக விடுவீகளா?"

ஆண்பிள்ளைகளே வாடகைச் சைக்கிளுக்கு வரிசையில் நின்ற 1966. பெத்தாச்சி யோசித்தாள்.

"செஞ்சுட்டாப் பழகு. சும்மா வாங்குனே, சைக்கிள் பேச்சையே எடுக்கக் கூடாது."

மூன்று செங்கல்லை வைத்துச் சீதை அடுப்பு மூட்டினாள். உலை கொதிக்குமுன் நூற்றெட்டுத் தடவை மூடியைத் திறந்து பார்த்தாள். வேகாத சோற்றை அவள் மென்ற சத்தத்தில், மாவு மில் ஓடுகிறதென்று தெருவே பாத்திரத்தோடு கிளம்பியது.

மறுநாள் விறகை அள்ளித் திணித்துவிட்டு மாடிக்கு ஓடினாள். வந்து பார்த்தால் பானையில் கரி. கிளம்பிய புகையை மழைமேகம் என்று நம்பி, தேவகோட்டையில் கொடித்துணிகளை எடுத்துவிட்டார்கள். பசி தாங்காமல் இன்னொரு பானையில் உலை வைத்தாள். மூன்றாம் நாள் அரிசியும் அதோடு தீர்ந்தது.

மூன்றாம் நாள் காலை. வெறும் அடுப்பைச் சுற்றிச் சுற்றி வந்தாள் சீதை. அங்குட்டு முற்றத்தில் பெத்தாச்சியும் காபியை ஆறவிட்டுவிட்டு நடையாய் நடந்தாள். மகள் சாப்பிடாமல் அவளுக்கு எதுவும் இறங்கவில்லை.

சீதை அண்ணனின் அடுப்படி வாசலில் போய் நின்றாள்.

"இட்லி திங்கிறியா சீதை?" என்றாள் அண்ணி மெய்யம்மை.

வயிறு முந்திக்கொண்டு பதில் சொல்லப் பார்த்தது.

"வேணாம் அண்ணமிண்டி. நாளைக்கு உளுந்து அரைக்கணும்ல? நான் அரைச்சுத் தாரேன். கூலியா உழக்கு அரிசி குடுங்க."

"நீயா? அஞ்சு நிமிசம் ஒரு எடத்துல இருக்க மாட்டியே!"

"இருந்தாத் தருவீகளா?"

ஆட்டுக்கல் முன் உட்கார்ந்தாள். கால் எழுந்து ஓடப் பார்த்தது. மடக்கிச் சம்மணத்துக்குள் போட்டுக்கொண்டாள். தெருவில் கடலைக்காரன் கூவினான், திரும்பவில்லை. குழவி ஆளைவிடக் கனம். மாவு பொங்கிய பொங்கில் கூரையைத் தொட்டது. சரி, தொடவில்லை, இன்னும் நாலு சுற்றுச் சுற்றியிருந்தால் தொட்டிருக்கும்.

கூலி அரிசியைக் களைந்து உலையில் போட்டாள். இந்தத் தடவை பானையைவிட்டு ஓரடி நகரவில்லை. சோறு மல்லிகைப்பூவாய் மலர்ந்தது.

முதல் கவளம் வாய்க்குப் போகுமுன் பெத்தாச்சி வந்துவிட்டாள்.

"அரிசி ஏதுடீ?"

சீதை இடது கையை விரித்துக் காட்டினாள். நாலு கொப்புளம்.

"உளுந்து அரைச்ச கூலி, ஆத்தா."

பெத்தாச்சி அந்தக் கையைப் பிடித்து ஊதிவிட்டாள். பிறகு மெல்லச் சொன்னாள்:

"எனக்கும் ஒரு வாய் குடேன். காலையிலருந்து ஒண்ணும் திங்கலை."

"அடுத்த அடுப்புல சும்மா வாங்கக் கூடாதுன்னீகளே!"

பெத்தாச்சி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நேற்றுக் கரிந்த பானையைத் தேய்க்க உட்கார்ந்தாள்.

"அழகுகிட்டச் சொல்லு," என்றாள் தேய்த்துக்கொண்டே, "சாயந்தரம் வாடகைச் சைக்கிள் எடுத்துட்டு வரட்டும்."