சிரிக்காத சம்பந்திகள்

சியோலில் மகன் கல்யாணத்துக்கு முன்னால் அம்மாக்காரி முகத்தைக் கொஞ்சம் தூக்கிவிட்டுக்கொள்வது ஊர் உலகத்தில் நடக்காத காரியமில்லை. ஒக்ரானும் அதைத்தான் செய்தாள். கத்தியில்லை, கட்டில்லை. காதோரம் ஊசியால் குத்தி, தோலுக்கடியில் மெல்லிய நூலை ஓட்டி, தொங்கிய தாடையையும் கழுத்தையும் மேலே இழுத்துவிட்டு, அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"மூணு வாரம் வாயை அகலமாத் திறக்கக் கூடாது. சிரிக்கவே கூடாது. நூல் நழுவிடும்" என்றார் டாக்டர்.

மறுநாளே கல்யாண மண்டபத்தில் நெருக்கத்தில் ஒரு தேதி காலியாகி, கல்யாணத்தை முன்னால் இழுத்துவிட்டார்கள். அதனால் சம்பந்திகள் முதன்முதலாகச் சந்திக்கும் விருந்தும் அந்தச் சனிக்கிழமைக்கே வந்து நின்றது.

"நீங்க ஒரு ஜோக் சொன்னீங்க, அவ்வளவுதான்" என்று புருஷன் பியோங்சிக்கை மிரட்டிவைத்தாள். நாற்பது வருஷம் பஸ் ஓட்டிய மனிதர். பயணிகளைச் சிரிக்கவைத்தே பழகியவர்.

"நான் சும்மா இருந்தாலே சிரிப்பியே. அதுக்கு என்ன செய்யறது?"

உதட்டைக் கடித்துக்கொண்டாள். கன்னம் சுருக்கென்றது.

விருந்தறையில் பெண்ணின் அம்மா சன்னிம் எதிரே உட்கார்ந்திருந்தாள். புருஷனை இழந்தவள், ஒரே மகள் தாஹேவைத் தனியாக வளர்த்தவள். ஒக்ரான் தலையை மட்டும் அசைத்தாள். சன்னிம்மும் தலையை மட்டும் அசைத்தாள். ஒக்ரான் கஞ்சியைக் கரண்டி நுனியால் தொட்டு நக்கினாள், அந்தம்மாவும் அப்படியே. மகன் கியுஹானுக்கு வியர்த்துக் கொட்டியது.

'என் பையனை இவளுக்குப் பிடிக்கலை' என்று ஒக்ரான் முடிவுகட்டிவிட்டாள். ஒரு சிரிப்புச் சிரித்தால் சரியாகிவிடும். அந்த ஒன்றுதான் முடியாதே!

அவித்த பன்றியிறைச்சி வந்தது. தாஹே ஒரு கீரை இலையில் இறைச்சி, பூண்டு, சோயா விழுது எல்லாம் வைத்துக் கொழுக்கட்டை மாதிரி மடித்து, இரண்டு கையாலும் நீட்டினாள்.

"அத்தை, ஆ சொல்லுங்க."

இலைச்சுருளை ஒரே வாயில் போட வேண்டும். கடித்துத் தின்றால் அவமரியாதை. வேண்டாமென்றால் மருமகளையே வேண்டாமென்ற மாதிரி. அதே நேரத்தில் எதிர்ப்பக்கம் கியுஹான் சன்னிம்முக்கு ஒன்று மடித்து நீட்டிக்கொண்டிருந்தான்.

ஒக்ரான் மருமகள் நீட்டியதை வாங்கித் தட்டில் வைத்தாள். தாஹேயின் கண் கலங்கியது. எதிரே சன்னிம்மோ, இறைச்சி நறுக்க மேஜையில் வைத்திருந்த கத்தரிக்கோலை எடுத்துத் தன் சுருளைப் பொடிப்பொடியாக நறுக்க ஆரம்பித்தாள். கியுஹானின் முகம் செத்தே போயிற்று.

குனிந்து நறுக்கியவளின் முடி விலகியது. காதுக்கு முன்னால், ஊசி குத்திய சின்னச் சிவப்புப் புள்ளி.

"சம்பந்தியம்மா," என்றாள் ஒக்ரான், பல் தெரியாமல், "நீங்களுமா?"

கத்தரிக்கோல் நின்றது. சன்னிம் ஒக்ரானின் காதோரத்தை எட்டிப் பார்த்தாள்.

"கழுத்துமா?"

"கழுத்தும்தான்."

"ஐயோ, நீங்க சிரிக்கவே இல்லையா, எங்களைக் கேவலமா நினைக்கறீங்கன்னு நான்..."

"நான் உங்களைப் பத்தி அதேதான்!"

இரண்டு பேரும் கன்னங்களை உள்ளங்கைகளால் தாங்கிப் பிடித்தபடி குலுங்கினார்கள். ம்ம், ம்ம் என்று மூக்கால் மட்டும் சத்தம் வந்தது. பிள்ளைகள் திருதிருவென்று விழித்தார்கள். அதுவரை அடக்கி வைத்திருந்த பியோங்சிக்கால் அதற்கு மேல் முடியவில்லை.

"பேரன் பொறந்தா ரெண்டு பாட்டியும் ம்ம் ம்ம்னுதான் கொஞ்சுவாங்க போல!"

"ஏங்க, வாயை மூடுங்க! வலிக்குது!"

தாஹே இன்னும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒக்ரான் தட்டிலிருந்த சுருளைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். போனால் ஒரு நூல் போகட்டும். சுருளை எடுத்தாள், ஆவென்று திறந்தாள், முழுசாகப் போட்டுக்கொண்டாள். இடது கன்னத்தில் ஏதோ டப்பென்றது.

"ஐயையோ சம்பந்தி! மூடுங்க, மூடுங்க!" என்று அலறிய சன்னிம், கியுஹானைத் திரும்பிப் பார்த்தாள். "மாப்பிள்ளை, எனக்கும் ஒண்ணு மடிங்க. கொஞ்சம் சின்னதா!"