இரண்டு இருக்கை

தொழிலுக்கு வாங்கப்போவது வேன் என்றுதான் பேச்சு. முன்னால் மூன்று பேர் உட்காரலாம். பின்னால் கண்ணாடிகளை மழை படாமல் நிறுத்தலாம். வேன் என்று முதலில் சொன்னதே என் கணவர்தான்.

வியாழக்கிழமை அவரும் கொழுந்தனும் கண்ணாடி ஒட்டும் சிலிக்கான் பசை வாங்கிவரப் போனார்கள். திரும்ப நேரமானது. சாப்பிடும்போது அவர், "சின்ன பிக்கப்தான் நமக்குத் தோது" என்றார்.

நான் எதுவும் கேட்கவில்லை. அவர் பதில் சொல்லிக்கொண்டே போனார். சந்துக்குள் திரும்பும். பக்கவாட்டில் சட்டம் அடித்துப் பெரிய கண்ணாடியை நிறுத்தலாம். டீசல் குறைவு.

"எத்தனை சீட்டு?" என்றேன்.

"தண்ணி குடு" என்றார்.

கொழுந்தன்தான் சொன்னான். "ரெண்டு, அண்ணி."

ஆறு வருடமாக நானும் அவரும்தான் வேலைக்குப் போகிறோம். ஜன்னல், குளியலறைத் தடுப்பு, கடை முகப்பு. கண்ணாடியின் அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். கொழுந்தன் இருந்த வேலை போய் இந்த வருடம்தான் எங்களோடு சேர்ந்தான். போன வாரம் என் கையுறை தொளதொளவென்று இருந்தது. பெரிய கை ஏதோ நுழைந்திருக்கிறது. துவைத்ததில் தளர்ந்துபோயிருக்கும் என்றார் அவர். அதை யாரும் துவைக்கவில்லை.

சனிக்கிழமை ஷோரூமுக்கு நானும் கிளம்பினேன்.

"வெயில்ல நீ எதுக்கு?"

"சும்மா உக்காந்து பாக்கத்தான்."

விற்பனையாளர் முதலில் ஐந்து பேர் உட்காரும் பிக்கப்பைக் காட்டினார். பின்பக்கத் தொட்டி குட்டையாக இருந்தது. எங்கள் கண்ணாடி நிற்காது. அடுத்தது வேன். கதவைத் திறந்து பார்த்தேன். உயரம் போதும்.

"இதுக்கு என்ன குறை?" என்று அவரிடம் கேட்டேன்.

அவர் தம்பியைப் பார்த்தார்.

"பார்க்கிங் கஷ்டம், அண்ணி."

"உங்க அண்ணனுக்கு வாய் இருக்கு, தம்பி."

சின்ன பிக்கப்பை வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். "ஓட்டிப் பாருங்க சார். கூட ஒருத்தர் ஏறிக்கலாம்."

அவர் ஏறி நேராகப் பார்த்தபடி உட்கார்ந்தார். கொழுந்தன் மறுபக்கம் போய் ஏறினான். இருக்கையைப் பின்னால் தள்ளும் கம்பி எங்கே என்று தேடவில்லை. ஏற்கெனவே உட்கார்ந்து பார்த்தவன் போல, குனிந்து பார்க்காமலே இழுத்தான்.

நான் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தேன்.

"இறங்குங்க. நான் ஓட்டிப் பாக்கறேன்."

"நீயா?"

"லைசன்ஸ் எனக்கும் இருக்கு."

இறங்கினார். நான் ஏறி பெல்ட்டை மாட்டி வண்டியைக் கிளப்பினேன். நகர்த்தவில்லை. "கூட யார் வர்றீங்க?" என்றேன்.

அவர் சற்று நேரம் பானெட்டைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு அந்தப் பக்கம் போய், "நீ எறங்குடா" என்றார்.

தெருமுனை தாண்டியதும் கேட்டேன். "எப்பச் சொல்றதா இருந்தீங்க?"

"எதை?"

"நான் வீட்ல இருக்கப் போறத."

"சும்மாவா இருக்கப் போற? போன் எடுக்கணும், ஆர்டர் பாக்கணும். அதுவும் வேலைதானே."

"அதை உங்க தம்பி பாக்கட்டும்."

"ஆம்பளை வீட்ல உக்காந்தா நல்லாவா இருக்கும்?"

சிக்னலில் நிறுத்தினேன். "அடிக்கிற காத்துல கடைக் கண்ணாடிய உங்களோட பிடிச்சுக்கிட்டு நின்னேனே. அது நல்லா இருந்துச்சா?"

விளக்கு பச்சைக்கு மாறியது.

"இருந்துச்சு" என்றார்.

ஒரு சந்துக்குள் விட்டுத் திருப்பினேன். ஒரே வெட்டில் திரும்பியது. கிளட்ச் லேசு. அவர் சொன்ன காரணங்கள் எல்லாம் உண்மையாகவே இருந்தன. அதுதான் எரிச்சல்.

வாசலில் கொழுந்தன் நின்றிருந்தான். "எப்படி, அண்ணி?"

"இதையே எடுத்துக்கலாம்."

"வேன்தானே வேணும்னீங்க?"

"ரெண்டு சீட்டு போதும். போன் எடுக்க, ஆர்டர் பாக்க ஒரு ஆள் வேணும், தம்பி. அதுவும் வேலைதான்னு அண்ணன் சொல்றாரு."

கொழுந்தன் அண்ணனைப் பார்த்தான். அவர் குனிந்து, புது டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.