ஏழாவது வார்டில் பூஜ்யம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என்னுடையதல்ல. சுகாதார அலுவலகத்தில் புள்ளிவிவரம் பார்க்கும் என் தங்கை, தலை துவட்டிக்கொண்டே சொன்னதைத் திருடினேன். கேட்டால் கொடுத்திருக்க மாட்டாள்.

2

முதல் தொடக்கம்: ‘நகரத்தைக் காய்ச்சல் கவ்வியபோது வானம்...’

(வேண்டாம். வானத்துக்கு இதில் வேலையில்லை.)

இரண்டாம் தொடக்கம்: ஒவ்வொரு வார்டு நர்ஸும் தினமும் புதிய காய்ச்சல்காரர்களின் எண்ணிக்கையை அனுப்புவார். அதை வைத்து, அடுத்த வாரம் காய்ச்சல் எங்கே ஏறும், எங்கே இறங்கும் என்று தங்கையின் கணினி கணிக்கும். இருப்பது ஒரே மருத்துவ வண்டி. ஏறும் இடத்துக்கு அது போகும்.

(இந்தக் கணக்குக்குப் பெயர் ‘மாதிரி’. ஊர் இல்லை, ஊர் மாதிரி. பெயரிலேயே ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.)

3

ஏழாவது வார்டு: 31, 38, 44, 0, 0, 0.

ஏழில் காய்ச்சல் இறங்கிவிட்டது என்று மாதிரி துள்ளிக் குதித்தது. [‘மாதிரி குதிக்காது அண்ணா’ என்று, திருட்டைக் கண்டுபிடித்த தங்கை ஓரத்தில் எழுதியிருக்கிறாள்.] வண்டியை மூன்றாவது வார்டுக்கு மாற்ற அதிகாரி பேனாவைத் திறந்துவிட்டார். தங்கைக்கு மட்டும் உறுத்தியது. ஏழாவது வார்டு நர்ஸுக்குப் போன் போட்டாள்.

“அக்கா, மூணு நாளா உங்க வார்டுல யாருக்குமே காய்ச்சல் இல்லையா?”

“யாருக்கு இல்ல? எனக்கே நூத்திமூணு. எழுந்து உக்காந்தாத்தானே எழுதி அனுப்ப முடியும்?”

வராத எண்ணைக் கணினி பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. அப்படி எடுத்துக்கொள்ளச் சொல்லிவைத்தவள் என் தங்கையேதான். (இதை எழுதாதே என்றாள்.)

4

நர்ஸ் பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம். அத்தனை காய்ச்சலில் இவ்வளவு நக்கலா?

“அப்படித்தாண்ணா பேசினாங்க. அப்புறம் இருமல் வந்து போன் கட்டாயிடுச்சு. திரும்ப அடிச்சேன், எடுக்கல.”

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. பயமாக இருந்தது.

5

தங்கை பூஜ்யங்களை அழித்துவிட்டுக் கட்டங்களைக் காலியாக அனுப்பினாள்.

“காலியா விட்டா என்னம்மா அர்த்தம்?” என்றார் அதிகாரி.

“தெரியலன்னு அர்த்தம் சார்.”

“தெரியாத இடத்துக்கு எப்படிம்மா வண்டி அனுப்புறது? நாலு மணிக்குள்ள ஒரு நம்பர் குடு.”

முடிவு ஒன்று: அறுபது என்று குத்துமதிப்பாக எழுதுகிறாள். வண்டி ஏழில் நிற்கிறது. மூன்றாவது வார்டு நம்மைச் சும்மா விடாது.

முடிவு இரண்டு: வண்டி மூன்றாவது வார்டுக்குக் கிளம்பிவிடுகிறது. நர்ஸ் வீட்டுக் கதவை யாரோ தட்டும்போது...

(இந்த வாக்கியத்தை நான் முடிக்க மாட்டேன்.)

நிஜத்தில் நடந்தது எனக்குத் தெரியும். சொல்லப்போவதில்லை. மணி மூன்றே முக்கால். கட்டம் இதோ: [          ]

எண்ணை நீங்கள் எழுதுங்கள். எனக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். காலியாக விட்டால் பூஜ்யம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.